பாதி வாரிய தலைகள்

சுபாஷினி பதினாறு வயதுக்குள் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. அப்பா வரமாட்டார் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு அன்றைக்கு வேறொரு கல்யாண அலங்காரம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். இருவருமே நம்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை, பள்ளி மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறிவியல் கூடத்துக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் அவளுடைய அப்பா வாசு ஒரு துணிப்பையோடு வீட்டை விட்டுப் போனவன். கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவில் நண்பர் ஒருவரின் முடிதிருத்தும் கடையில் வேலை, கடைக்கு மேலேயே அறை என்று மகளிடம் சொல்லியிருந்தான். ஏன் போனான் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், இது பெரியவர்கள் விஷயம் என்று அம்மா ருக்குமணி பேச்சை முடித்துக்கொண்டாள்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் அவர்கள் ஒரே கடையில் வேலை செய்தவர்கள். பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் ஒரு சின்னக் கடை. முன்பாதியில் வாசு ஆண்களுக்கு முடி வெட்டுவான். திரைக்குப் பின்னால் ருக்குமணி மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வாள். சுபாஷினி பள்ளி விட்டு வந்து அந்தத் திரை ஓரத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். இப்போது முன்பாதி நாற்காலிகள் துணி போர்த்திக் கிடக்கின்றன.

எல்லாம் சரியாகிவிடும், இருவரையும் மறுபடி ஒரு நாள் சேர்ந்து வேலை செய்ய வைத்தால் போதும் என்று அவள் நினைத்தாள். அதற்குத்தான் பள்ளியின் இந்த இசை நாடகம் கிடைத்தது.

கதை அறுபதுகளில் நடப்பது. பினாங்கில் ஒரு நடன மண்டபம், அதில் பாடும் ஒரு குழு, அதன் பாடகி. உடைகளின் பொறுப்பு சுபாஷினிக்கு. இரண்டு மாதமாக அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அகலமான கழுத்துப்பட்டைகளைத் தேடிப் பிடித்தாள். தோழிகளின் வீடுகளில் கேட்டு வாங்கிய ஜன்னல் திரைகளை வெட்டிப் புள்ளி கவுன்கள் தைத்தாள். தலைமுடிக்கும் முக ஒப்பனைக்கும் ஆள் வேண்டும் என்று நாடகத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியை ஸஹ்ரா கேட்டபோது, முதலில் கை தூக்கியதும் அவள்தான்.

ருக்குமணி தன் அலங்காரப் பெட்டியோடு கூடத்துக்குள் நுழைந்தபோது, வாசு ஏற்கெனவே கை கழுவும் தொட்டி ஓரத்து மேசையில் சீப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “உனக்குக் கல்யாண வேல இருக்குன்னு சொன்னா,” என்றான்.

ருக்குமணி மகளைப் பார்த்தாள். கையில் புள்ளி கவுன்களை அணைத்துக்கொண்டு நின்ற சுபாஷினி தரையைப் பார்த்தாள். கீழே வைத்த பெட்டியின் கைப்பிடியை ருக்குமணி மறுபடி பிடித்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆசிரியை ஸஹ்ரா ஈரத்தலையோடு இருந்த பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கணவனும் மனைவியுமாக ஒரு முழு நாளை ஒதுக்கித் தந்திருக்கிறீர்களே, யாருக்கு இந்த மனசு வரும் என்று மலாயில் நன்றி சொன்னார். பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். ருக்குமணியின் கை மெல்லக் கைப்பிடியை விட்டது.

பெண் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் வரட்டும், ஆண் பிள்ளைகள் தொட்டிப் பக்கம் போகட்டும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேலை தொடங்கியது.

முதல் ஒரு மணி நேரம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. வாசு பையன்களின் காதோரத்தைக் கத்தரித்து, முன்முடியில் பொமேட் பசை தடவி, சுருட்டித் தூக்கி நிறுத்தினான். ருக்குமணி பெண்களின் கண்ணோரத்தில் மையை வால் போல நீட்டிவிட்டாள். இமைக்கு மேலே வெளிர்நீலம் பூசினாள். உதட்டுக்கு மங்கிய ரோஜா நிறம். கண்ணாடியைப் பார்த்த பெண்கள் தங்களையே அடையாளம் தெரியாமல் சிரித்தார்கள்.

சிக்கல் கதாநாயகி ஷின் யீயிடம் வந்தது. அவளுடைய முடி பட்டு போல வழுவழுப்பானது. தலை உச்சியில் தேன்கூடு போல உயரமாகக் கொண்டை நிற்க வேண்டும். ருக்குமணி இரண்டு முறை முடியைப் பின்னோக்கி வாரி உப்ப வைத்துப் பார்த்தாள். இரண்டு முறையும் அது மெல்லச் சரிந்து ஒரு பக்கம் தொங்கியது. ஷின் யீயின் கண்கள் கலங்கிவிட்டன.

வாசு யாரும் கூப்பிடாமல் இந்தப் பக்கம் வந்தான். “பழைய ஸ்டாக்கிங் வச்சிருக்கியா?” என்று கேட்டான்.

ருக்குமணி பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதற்குள் பஞ்சைத் திணித்து முடிச்சுப் போட்டு, ஒரு சின்னத் தலையணை போல ஷின் யீயின் உச்சியில் வைத்தான். ருக்குமணி அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். அதன் மேல் அவன் முடியை அடுக்கடுக்காக வாரிக்கொண்டு வந்தான். அவன் விரல் எங்கே எழுந்ததோ அங்கே அவள் கொண்டை ஊசியைக் குத்தினாள். அவன் தலையைச் சாய்த்ததும் அவள் ஹேர் ஸ்ப்ரேயை அடித்தாள். பேச்சுக்குத் தேவையே இருக்கவில்லை.

கொண்டை நின்றது. ஷின் யீ பயந்து பயந்து தலையை ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அதன் பிறகு அறையின் இறுக்கம் கொஞ்சம் குறைந்தது. நாயகனாக நடிக்கும் கிஷன் ஆர்வக்கோளாறில் தானே ஒரு டப்பா பொமேட்டைத் தலையில் அப்பிக்கொண்டு வந்து நின்றான். இந்தத் தலையில் முட்டை பொரிக்கலாம் என்று ருக்குமணி முணுமுணுத்தாள். வாசு சத்தமாகச் சிரித்துவிட்டான். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். கிஷனைத் தலையைக் கழுவிக்கொண்டு மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

சுபாஷினி கவுனுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஊசி அவள் கையில் அப்படியே நின்றது. அம்மா பக்கத்தில் இருக்க அப்பா அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு சூலியா தெருவிலிருந்து நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்கள் வந்தன. வாசு இரண்டைப் பிரித்தான். தன் சோற்றிலிருந்த வெண்டைக்காயை எல்லாம் பொறுக்கி இன்னொன்றில் வைத்து, அதை ருக்குமணி பக்கம் தள்ளினான். அவனுக்கு வெண்டைக்காய் ஆகாது. அவளுக்கு உயிர். பதினெட்டு வருடப் பழக்கம். யோசிக்காமல் கை செய்துவிட்டது.

ருக்குமணியும் யோசிக்காமல் தன் கோழித்துண்டின் தோலை உரித்து அவனிடம் நீட்டப் போனாள். பாதியில் கை நின்றது. தோலைப் பொட்டலத்திலேயே போட்டாள். இரண்டு வாய் கூடச் சாப்பிடாமல் மடித்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

சுபாஷினி வெண்டைக்காயை மட்டும்தான் பார்த்தாள். மடித்த பொட்டலத்தைப் பார்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால் உடைகளை மாட்டி வைத்த ஒரு சிறிய அறை இருந்தது. கழுத்துப்பட்டைகளை எடுத்துப் போக வாசு அங்கே வந்தபோது சுபாஷினி தனியாக இருந்தாள். நாடகம் முடிந்ததும் மூன்று பேரும் பாடாங் கோத்தா கடற்கரைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அப்பாவின் போர்வையைத் துவைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். கடை நாற்காலிகளையும் நேற்றே துடைத்துவிட்டாளாம்.

வாசு எல்லாவற்றையும் கேட்டான். பிறகு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

“சுபா, அப்பா வீட்டுக்கு வர முடியாதும்மா.”

“ஏன்? காலையிலேர்ந்து ரெண்டு பேரும் நல்லாதான இருக்கீங்க.”

அவன் கையிலிருந்த கழுத்துப்பட்டைகளை ஒவ்வொன்றாக மடியில் நீவினான். சுங்கை பாக்காப் என்ற ஊரில் யோகேஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள் என்றான். அவளுக்கு ஜுருவில் தொழிற்சாலை வேலை. இரண்டு வருடப் பழக்கம். இன்னும் மூன்று மாதத்தில் அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அங்கே தனக்குப் பொறுப்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டு வர முடியாது என்றான். அவன் குரல் உயரவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை.

சுபாஷினிக்கு முதலில் கோபம் வரவில்லை. கணக்குதான் வந்தது. இரண்டு வருடம் என்றால் அப்போது அவளுக்குப் பதினான்கு. அந்த வருடப் பிறந்தநாளுக்கு அவளுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தது அப்பாதான். அப்போதே அவர் வேறொருவர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?”

“நீ கூப்பிட்ட,” என்றான் வாசு. “அதான் வந்தேன்.”

அந்தப் பதிலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவள் அவன் மடியிலிருந்த கழுத்துப்பட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

“போயிடுங்க,” என்றாள் மெதுவாக. “இங்க இருக்காதீங்க.”

அவன் மரப்பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டான். பிறகு எழுந்து போனான்.

அறிவியல் கூடத்தில் ருக்குமணி திரும்பிப் பார்த்தபோது தொட்டிப் பக்க மேசை காலியாக இருந்தது. சீப்புகள் இல்லை. ஏழெட்டுப் பையன்கள் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கிஷனின் தலையில் ஒரு பக்க முடி தூக்கி நின்றது, மறுபக்கம் ஈரமாக நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அங்கிள் வெளியே போய்விட்டார் என்றான் அவன்.

வாசலில் சுபாஷினி நின்றாள். “நான்தான் போகச் சொன்னேன்,” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே, வாசு சொல்லிவிட்டான் என்று ருக்குமணிக்குப் புரிந்தது. இந்த நாளைத்தான் அவள் மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். மகளை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் இரண்டு கையிலும் கண்மை. சுற்றிலும் பிள்ளைகள். திரை தூக்க அதிக நேரமும் இல்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். சுபாஷினியும் பின்னால் போனாள்.

வாசு பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் மோட்டோவைக் கிளப்பிக்கொண்டிருந்தான். ருக்குமணி அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“பிள்ளைங்க தல பாதியில நிக்குது. முடிச்சிட்டுப் போங்க.”

“அவ போகச் சொல்லிட்டா, ருக்கு.”

“அவ அவங்க அப்பாவப் போகச் சொன்னா. நான் முடி வெட்டுறவரத்தான் கூப்பிடுறேன்.”

வாசு என்ஜினை அணைத்தான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான். இருவரும் நாலடி இடைவெளி விட்டு, முன்னும் பின்னுமாக உள்ளே நடந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்ற மகளைத் தாண்டும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த எல்லாத் தலைகளையும் நிமிராமல் முடித்துக் கொடுத்தான். கடைசியாக கிஷனின் முன்முடி அலை போலச் சுருண்டு நின்றது.

நாடகம் பிற்பகலில் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. திரை விலகி, தேன்கூட்டுக் கொண்டைகளும் தூக்கி வாரிய முன்முடிகளும் வரிசையாக நின்றதைக் கண்டதும் சபை ஆரவாரித்தது. பாட்டு தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விசில் ஓயவில்லை.

சுபாஷினி அதை எல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள், பார்க்கவில்லை. இரண்டாம் காட்சிக்கு முன் ஷின் யீயின் கவுன் ஜிப் பிளந்துகொண்டது. கழற்றித் தைக்க நேரமில்லை. அவளை நிற்க வைத்து, உடுத்தியபடியே முதுகில் தைத்தாள். அசையாதே, அசையாதே என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். நூலைப் பல்லால் கடிக்கக் குனிந்தபோது ஸ்ப்ரே வாசனை மூக்கில் ஏறியது. மூச்சை அடக்கிக்கொண்டு கடித்தாள். ஷின் யீ மேடைக்கு ஓடிய பிறகு, உடை மாட்டும் கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கவுன்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முடிவில் ஆசிரியை ஸஹ்ரா மேடைக்கு வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். இன்றைய அழகுக்கெல்லாம் காரணம் ஒரு தம்பதி என்று, திரு வாசு, திருமதி ருக்குமணி இருவரையும் மேடைக்கு அழைத்தார்.

மறுக்க வழியில்லை. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து மேடைக்கு வந்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே பூங்கொத்துதான் இருந்தது. படம் எடுத்தவர் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். நெருங்கினார்கள். இன்னும் கொஞ்சம் என்றார். வாசுவின் தோள் ருக்குமணியின் தோளில் பட்டது. படம் எடுத்து முடித்ததும் அவன் பூங்கொத்தை அவளிடம் கொடுத்தான். அவள் அதை ஷின் யீயிடம் கொடுத்துவிட்டு, யாருக்கும் முகம் காட்டாமல் படியிறங்கினாள்.

அதன் பிறகு வாசுவைக் காணவில்லை. மோட்டோ நின்ற இடம் காலியாக இருந்தது.

கூட்டம் கலைந்தும் அறிவியல் கூடத்தில் வேலை மிச்சமிருந்தது. பின்னோக்கி வாரிய முடியைப் பிரிப்பது கட்டுவதைவிடப் பெரிய பாடு. ருக்குமணி ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் எண்ணெய் விட்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்து அனுப்பினாள். கடைசிப் பெண்ணும் போன பிறகு தாயும் மகளும் தரையில் சிதறிக் கிடந்த ஊசிகளைப் பொறுக்கினார்கள்.

“எப்பலேர்ந்து தெரியும்மா?” என்று கேட்டாள் சுபாஷினி.

“தைப்பூசத்துக்கு முன்னாலயே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அவர்கூடப் பேசியிருப்பியா?”

சுபாஷினி இன்னொரு ஊசியைப் பொறுக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு போனில் பேசிச் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த நேரங்களில் அம்மா எப்போதும் சமையலறையில் இருப்பாள், குழாயைத் திறந்துவிட்டிருப்பாள்.

“காலையில சிரிச்சீங்களே, ரெண்டு பேரும்,” என்றாள்.

ருக்குமணி கையிலிருந்த ஊசிகளை டப்பாவில் போட்டாள். “வேலையில எங்களுக்குள்ள என்னைக்குமே சண்ட வந்ததில்ல, சுபா. வீட்டுக்கு வந்தாதான். நீ வேலையப் பாத்துட்டு வீடும் சரியாயிரும்னு நெனச்சுக்கிட்ட.”

“திரும்பி வரவே மாட்டாராம்மா?”

“மாட்டாரு.” டப்பாவை மூடினாள். “வந்தாலும் என்னால முடியாது. ஒரு நாள் கூட நிக்க முடியலடி. அந்தப் பூவப் புடிச்சுக்கிட்டு நின்னேனே, அப்பவே முடியல.”

அப்போதுதான் சுபாஷினி அம்மாவை நன்றாகப் பார்த்தாள். அத்தனை பெண்களின் முகத்துக்கும் நிறம் பூசியவளின் முகத்தில் ரத்தமே இல்லை. தன் திட்டம் அப்பாவைக் கொண்டுவரவில்லை. அம்மாவை மட்டும் ஒரு நாள் முழுக்க நெருப்பின் மேல் நிற்க வைத்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ருக்குமணி பெட்டியின் ஒரு கைப்பிடியை அவள் பக்கம் நகர்த்தினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ருக்குமணி ஓட்டி வந்த காடிக்குப் பக்கத்தில் பள்ளிப் பாதுகாவலரோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடை மேல் ஒரு சட்டையைப் போட்டு மூடியிருந்தாள். வயிற்றை மூட முடியவில்லை.

யாரென்று இருவரும் கேட்கவில்லை.

“ருக்குமணி அக்காதான?” என்றாள் அவள். “எம்மேல கோவம் இருக்கும். இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அவர் இங்க வந்தாராக்கா?”

ருக்குமணி பெட்டியைக் கீழே வைத்தாள். “காலையிலேர்ந்து இங்கதான இருந்தாரு. நாடகம் முடிஞ்சதும் கிளம்பினாரு. அங்கதான் வருவாரு.”

யோகேஸ்வரி தலையை ஆட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை வெளியே போனவர் வீட்டுக்கு வரவே இல்லை என்றாள். போனை எடுப்பதில்லை. ஜுரு கடைக்குப் போய் விசாரித்திருக்கிறாள். அவர் போன மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொன்னார்களாம். மகள் பள்ளியில் சனிக்கிழமை நாடகம் என்று எப்போதோ அவர் வாய் தவறிச் சொன்னதை நம்பித்தான், வேலை முடிந்ததும் பஸ் மாறி மாறி இங்கே வந்திருக்கிறாள்.

“எங்க போறேன்னு உங்ககிட்ட சொன்னாராக்கா?”

ருக்குமணி மகளைப் பார்த்தாள். சுபாஷினி அம்மாவைப் பார்த்தாள். அங்கே தனக்குப் பொறுப்பு இருக்கிறது என்று சொன்ன அந்த முகம், மரப்பெட்டி மேல் உட்கார்ந்து கழுத்துப்பட்டைகளை நீவிக்கொண்டிருந்த அந்தக் கை, சுபாஷினியின் கண்ணுக்குள் நின்றது. போய்விடுங்கள் என்று சொன்னவள் அவள். எங்கே போவீர்கள் என்று கேட்கவில்லை.

அவள் போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

யோகேஸ்வரி காடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். நின்று நின்று அவள் கால்கள் வீங்கியிருந்தன. ருக்குமணி அந்தக் கால்களைப் பார்த்தாள், வேறு பக்கம் திரும்பினாள், மறுபடி பார்த்தாள். பிறகு முன்கதவைத் திறந்துவிட்டாள்.

“ஏறி உக்காரு,” என்றாள். குரலில் அன்பு இல்லை.

சுபாஷினி இன்னொரு முறை அழுத்தினாள். இந்த முறை மணியே அடிக்கவில்லை.